முதுகுக்குக் கொடுத்த குரல்

ஸ்டுடியோவில் அவளை எல்லாரும் அழுகையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர் இல்லை. அவள் வேலையே அதுதான்.

சினிமாவில் கதாநாயகி பேசும் வசனத்தைப் பேச இன்னொரு அம்மாள் உண்டு. அவருக்குப் பெரிய குரல் என்று பெயர். காரில் வருவார், கழுத்தில் துணி சுற்றியிருப்பார், வெந்நீரை மடக்கு மடக்காகக் குடிப்பார், பேசி முடித்ததும் போய்விடுவார். ஆனால் கதாநாயகி பேசிக்கொண்டே இருப்பாளா? தேம்புவாள், விம்முவாள், ஓடிக் களைத்து மூச்சு வாங்குவாள், மாடியிலிருந்து விழுந்தால் அலறுவாள். தொண்டையைக் கிழிக்கிற இந்த வேலைகளுக்குப் பெரிய குரல் தன் தொண்டையைத் தர மாட்டார். தரவும் கூடாது, அது அவருடைய சோறு. அப்போதுதான் அழுகையக்காவுக்கு ஆள் வரும்.

அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைப் பலகை, பஸ் பலகை படிப்பாள். நாலு வரி சேர்ந்தாற்போல வந்தால் விரலை வைத்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். வசனம் பேச அது ஆகாது. அழுவதற்கு எழுத்து எதற்கு? படத்தைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு நாளும் மைக் முன்னால் நின்றதும் கண்ணை மூடி மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்: "ஆண்டவனே, இன்னிக்கு நான் கத்துறதெல்லாம் பொய்யாவே இருக்கட்டும். நெசத்துல எந்தப் பொண்ணுக்கும் இந்த நெலம வர வேணாம்." அதைச் சொல்லாமல் ஒரு விம்மல்கூட விட்டதில்லை.

வீட்டுக்காரர் லிப்டு மெக்கானிக். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். "இன்னிக்கு எத்தன தடவ செத்த?"

"சாகல. ரெண்டு தடவ மயக்கம், ஒரு பிரசவம்."

"அட, பரவால்லயே. லேசான நாள்தான்."

வீட்டில் மட்டும் அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் குளியலறையில் ஒரு அலறலைப் பழகிப் பார்த்தாள். கீழ்வீட்டு அம்மாள் கையில் தோசைக் கரண்டியோடு ஓடி வந்து, ஒன்றும் அறியாத மாப்பிள்ளையை மாடிப்படியிலேயே மறித்து நாலு கேள்வி கேட்டுவிட்டார். அன்றோடு சரி. "நம்ம வீட்டுல நெசமாவே திருடன் வந்து நீ கத்துனாலும் ஒருத்தன் வர மாட்டான், ஒத்திகைன்னு நெனச்சுக்குவான்" என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளியின் கடைசி வகுப்பு. அம்மா எழுத்துக் கூட்டும்போதெல்லாம் திருத்துவதால் வீட்டில் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பட்டம். அந்த வாத்தியாரம்மா ஒருநாள் நூலகத்திலிருந்து செங்கல் கனத்தில் ஒரு நாவலின் முதல் பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாயமும் மலையும் மிருகமுமாக மொத்தம் மூன்று பாகம்.

"இத நீ கேட்டே ஆகணும்மா. நான் படிக்கிறேன், நீ காய் நறுக்கு."

அப்படித் தொடங்கியதுதான். சாயங்காலமானால் சமையலறையில் மகள் முக்காலியில் உட்கார்ந்து வாசிப்பாள். அம்மா தரையில் பலகையைப் போட்டு நறுக்குவாள். வேறு எதற்காகவும் அவள் பஸ்ஸைப் பிடிக்க அப்படி ஓடியதில்லை. பகலெல்லாம் யார் யாருக்காகவோ அழுதுவிட்டு வந்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தன் காதுக்கென்று கிடைத்தது.

கதை ஒரு மலைக் கணவாயைக் காக்கிற பெண்ணைப் பற்றியது. காவல்காரி. அழகி இல்லை. அகன்ற தோள், உடைந்து கூடிய மூக்கு, காதோரம் நரை. கணவாயில் செவியன் என்றொரு மிருகம். அதற்குக் கண் கிடையாது, உடம்பெல்லாம் காது. யாராவது பயந்து கூப்பிட்டால், கூப்பிட்ட ஆளைச் செவியன் தொடாது. அந்தக் குரலுக்கு ஓடி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொள்ளும். அம்மாவின் குரலுக்குப் பிள்ளை வரும், பிள்ளையின் குரலுக்கு அப்பா வருவார். ஊர் அப்படித்தான் பாதி காலியானது. அதனால் காவல்காரி வாய் திறக்காமல் சண்டை போடப் பழகினாள். ஆபத்துக்கு அடிக்கும் ஊர் மணியின் நாக்கில் துணியைச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். செவியன் வந்த இரவில் தோள்பட்டை முறிந்தது. தன் பின்னலையே வாயில் கவ்விக்கொண்டாள். ஒற்றைச் சத்தம் இல்லை. விடிவதற்குள் அதை முடித்துவிட்டுக் கீழே இறங்கினால், பால் கறந்துகொண்டிருந்த ஒரு பெண் அவளை நிமிர்ந்து பார்த்து, "நேத்து ராத்திரி என்ன ஒரு நிம்மதியான தூக்கம்!" என்றாள். காவல்காரி "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மற்ற இடங்களில் அம்மா "ஐயோ", "அடப்பாவி" என்று கதைக்கு நடுவே குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். மகள் அதட்டுவாள். அந்த அத்தியாயத்தில் மட்டும் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கத்தி பாதி வெங்காயத்தில் நின்றுவிட்டது. முடிந்த பிறகுதான் மூச்சை விட்டாள்.

"இப்படி எல்லாரும் இருந்துட்டா எனக்கு வேலையே இருக்காதேடி" என்றாள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குச் சில வாரம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்தது. பெரிய படம், ரகசியம், வெளியே மூச்சு விடக் கூடாது என்றார்கள். படத்துக்குப் பெயர்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு அது பழக்கம்தான். கதையை யாரும் அவளிடம் சொல்வதில்லை. துண்டு துண்டாகப் படம் ஓடும், எந்தத் துண்டு முன்னே எது பின்னே என்று தெரியாது, அவள் பாட்டுக்கு அழுதுவிட்டு வர வேண்டியதுதான்.

திரையில் ஒரு ஒல்லிப் பெண் தெரிந்தாள். இருபது வயதுகூட இருக்காது. முகமெல்லாம் பறக்கிற கூந்தல், தோளும் வயிறும் தெரிகிற உடுப்பு. சுற்றிலும் பச்சைத் துணி. அவளோடு கட்டிப் புரண்டது தலையிலிருந்து கால்வரை பச்சைச் சாக்கு மாட்டிய ஒரு ஆள். அந்த ஆள் பிறகு என்னவாக மாறுவான் என்று ஆண்டவனுக்கும் கம்ப்யூட்டர்காரர்களுக்கும்தான் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, இதுல கொஞ்சம் மூச்சு. இங்க வலி. சாக்குக்காரன் மேல விழறப்போ ஒரு அலறல்."

கொடுத்தாள். அடுத்த துண்டில் அந்தப் பெண் திரும்பி நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. முதுகு மேலும் கீழும் ஏறி இறங்க, வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"இந்த எடந்தான் வெறிச்சுனு கெடக்கு" என்றார் மாஸ்டர். "சும்மா விட்டா தியேட்டர்ல சவுண்டு போயிடுச்சுனு கூச்சல் போடுவாங்க."

டப்பிங்காரர்களுக்கு முதுகு என்றால் கொண்டாட்டம். முகம் தெரிந்தால் உதடு அசைகிறபடிதான் குரல் கொடுக்க வேண்டும். முதுகுக்கு உதடு ஏது? சும்மா கிடக்கிற நிலம் மாதிரி, எதை வேண்டுமானாலும் விதைக்கலாம். கோபித்துக்கொண்டு போகிறவளைக் கெஞ்ச வைக்கலாம், வாயை மூடிக்கொண்டிருக்கிறவளைப் புலம்ப வைக்கலாம். அழுகையக்காவுக்கு இதில் நல்ல கைராசி என்று பெயர்.

"நான் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா சார்?" என்று அவளேதான் கேட்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

"போடுங்கக்கா."

துண்டு மறுபடி ஓடியது. அப்போதுதான் பார்த்தாள். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு சின்ன மணி. மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தது. மனசில் என்னவோ ஒன்று தட்டியது. இதை எங்கே பார்த்தோம்? பார்த்தோமா, கேட்டோமா? அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. கொடுப்பதாகச் சொல்லியாயிற்று, மாஸ்டர் காத்திருக்கிறார். அவள் அந்தத் தட்டலை ஓரமாகத் தள்ளினாள். அடிவயிற்றிலிருந்து ஒரு விம்மலை எடுத்து, உடைந்த குரலில், "யாராவது வாங்களேன்... என்னால முடியலையே..." என்றாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாஸ்டர் எழுந்து நின்று கைதட்டினார். ஒலிப்பதிவு இன்ஜினியர் தன் கை மயிர் சிலிர்த்து நிற்பதைத் தூக்கிக் காட்டினார். தட்டிய மனசு அந்தக் கைதட்டலில் அடங்கிவிட்டது. வருகிற வழியில் சந்தோஷத்தோடு சந்தோஷமாக மகள் வாசிப்பதற்கு ஒரு மேசை விளக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி பிறகுதான் வெளியே வந்தது. மகள் தரையில் நிற்கவில்லை. "அம்மா, நம்ம காவல்காரி! முதல் வாரமே போயிடணும்." மறுநாள் பஸ் நிறுத்தத்தில் சுவரொட்டி. பறக்கிற கூந்தல், தோள் தெரிகிற உடுப்பு, இடுப்பில் மணி. அழுகையக்கா அங்கேயே நின்றுவிட்டாள். ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது.

அவள் மகளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எத்தனையோ அலறலை வெட்டிக் குப்பையில் போடுவார்கள், இதையும் போட்டிருப்பார்கள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரல் வெட்டுப்பட வேண்டும் என்று கும்பிட்டாள்.

தியேட்டரில் அவள் நடுவில், ஒரு பக்கம் வீட்டுக்காரர், மறுபக்கம் மகள். மகள் அவள் கையைப் பிடித்து வைத்திருந்தாள். காவல்காரி திரையில் வந்ததுமே அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"மூக்கு எங்கம்மா? நரை எங்க?" என்று கிசுகிசுத்தாள். "இவ ஆயிரம் சண்ட போட்டவ மாதிரியா இருக்கா? இப்பதான் தலைக்குக் குளிச்சிட்டு வந்தவ மாதிரி இருக்கா."

"சினிமான்னா அப்படித்தான்" என்றார் வீட்டுக்காரர்.

அதையெல்லாம்கூட மகள் பொறுத்துக்கொண்டாள். "இருக்கட்டும், செவியன் வரட்டும். அந்த எடம் ஒண்ணு போதும்" என்றாள். செவியன் வந்தது. சாக்குக்காரன் போன இடம் தெரியாமல் உடம்பெல்லாம் காதாக ஒரு பயங்கரம் நின்றது. காவல்காரி சண்டையிட்டாள். திரும்பி நின்றாள். முதுகு ஏறி இறங்கியது. அழுகையக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவனே, சத்தமில்லாமல் போகட்டும்.

"யாராவது வாங்களேன்... என்னால முடியலையே..."

தியேட்டரின் நாலு சுவரிலிருந்தும் அவள் குரலே அவள்மேல் வந்து விழுந்தது. அடுத்த நொடி ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். நாவலில் அவன் ஒரு உப்பு மூட்டை தூக்கி. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவன். சண்டை முடிந்து எத்தனையோ பக்கம் கழித்து, காலில் முள் குத்தி, காவல்காரியிடம் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறவன். அவன்தான் செவியனை ஒரே வெட்டில் சாய்த்தான். காவல்காரி அவன் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். விசில் பறந்தது.

வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரைத் தட்டி, "இப்ப கூப்பிட்டுச்சே, அது எங்க வீட்டம்மா கொரலுங்க" என்றார்.

அந்த மனிதர் இருட்டில் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். "நெஞ்சப் பெசஞ்சிட்டீங்கம்மா."

மகள் தன் கையை உருவிக்கொண்டாள். உதறவில்லை, மெல்லத்தான் எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. பெற்ற தாயின் குரல் தெரியாதா? அழுகையக்காவுக்கு அங்கேயே இருக்கைக்கு அடியில் போய்விடலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ முழுசாக் கேட்டியேம்மா. வெங்காயத்த நறுக்காம நிறுத்திட்டுக் கேட்டியே."

"அவதான்னு எனக்குத் தெரியாதுடி கண்ணு. கத எதுன்னே சொல்ல மாட்டாங்க..."

"அவ இல்லாம வேற யாரா இருந்தா பரவால்லயா? வேற ஒருத்தின்னா கூப்பிட வச்சிடலாமா?"

வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "என்னம்மா இது? உதவிக்குக் கூப்பிடறது ஒரு தப்பா? லிப்டுல மாட்டுனவன் கத்தாம இருந்தா உங்கப்பன் எப்படிச் சோறு திங்கிறது?"

"தப்பில்லப்பா. ஆனா அவ கூப்பிட்டா வர்றவங்க செத்துருவாங்க. அதுக்காகத்தான் அவ பல்லக் கடிச்சிட்டு இருந்தா. இப்ப அந்தப் பல்லக் கடிச்சதெல்லாம் எதுக்கு?"

அவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் மகள் வாசிப்பதை நிறுத்தவில்லை. அதுதான் கொடுமை. அதே முக்காலி, அதே நாவலின் இரண்டாம் பாகம். அம்மா வாங்கித் தந்த விளக்கை உள்ளறையிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டு வாய்க்குள் வாசித்தாள். பக்கம் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டது. காவல்காரி இப்போது எங்கே இருக்கிறாள்? தோள் கூடியதா? அம்மா நறுக்கிக்கொண்டே காத்திருந்தாள். கேட்க நாக்கு வரவில்லை. "சாப்பிட வர்றியா?" என்றால் "வர்றேம்மா" என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதை அவளைச் சுட்டது.

வேலையிலும் மனசு ஓடவில்லை. மைக் முன்னால் கண்ணை மூடினால் வழக்கமான வேண்டுதல் வராமல் முதுகு முதுகாக வந்தது. ஏதோ ஒரு பழைய படத்தில், வேலையை விட மாட்டேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போன ஒருத்தியின் முதுகு. அதற்கு ஒரு விம்மல் கொடுத்தது அவள்தான். அந்த விம்மலைக் கேட்டவர்கள், இவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினார்கள். அடுத்த காட்சியில் அவளும் திரும்பி வந்துவிட்டாள். கோர்ட்டுப் படியில் தனியாக நின்ற ஒருத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு நடந்த ஒருத்தி. முதுகைக் காட்டிய எவளையும் அவள் சும்மா விட்டதில்லை. தினமும் ஆண்டவனைக் கூப்பிடுகிறவள்தான் அவளும். கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கூப்பிடாதவளின் வாயில் கூப்பாட்டைத் திணித்ததுதான் வெட்கமாக இருந்தது. அதையும் கும்பிட்டுவிட்டல்லவா செய்தாள்!

டிவிக்காகப் படத்தை மறுபடி வெட்டுகிறார்கள் என்று காதில் விழுந்ததும், துணிந்து மாஸ்டரைத் தேடிப் போனாள். அவர் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு உதவி. அந்த முதுகுக்கு நான் போட்டது... அத எடுத்துட முடியுமா?"

"எதுக்குக்கா? நல்லாப் பண்ணுனதுக்கு யாராவது வருத்தப்படுவாங்களா?"

"அவ கூப்பிடுறவ இல்ல சார். எம் பொண்ணு புக்குல அந்த எடத்த முழுசா எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கா."

மாஸ்டர் சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை. "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? மொதல்ல எடுத்தப்போ அந்த சீன்ல ஹீரோவே கெடையாது. அந்தப் பொண்ணு தனியாவேதான் மிருகத்தக் கொன்னா. உங்க கொரலக் கேட்டதும் டைரக்டர் சொன்னாரு, இவ்வளவு கூப்பிடறா, ஒருத்தன் வரலேன்னா ஜனங்க நம்மள சும்மா விடுவாங்களான்னு. பச்சத் துணிதான் ரெடியா இருக்கே. அவன வரவழச்சு எடுத்துச் சேத்துட்டாங்க. படம் ஓடறதே அந்த எடத்தாலதான். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சினிமாக்காரர்கள் காவல்காரியின் மூக்கை எடுத்தார்கள், நரையை எடுத்தார்கள், உடுப்பை எடுத்தார்கள். ஆனாலும் அவள் ஜெயித்ததை விட்டு வைத்திருந்தார்கள். அதையும் எடுத்துக் கொடுத்தது யார்?

"அடுத்த பாகத்துக்கும் நீங்கதான்க்கா" என்றார் மாஸ்டர். "அதுல இன்னும் நெறைய அழுகை."

"தொண்ட... தொண்ட கொஞ்சம் சரியில்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தப் பொய் தொண்டையிலேயே நின்றது. இதிலும் பொய்யா? நல்ல தொண்டையைக் கொடுத்த ஆண்டவன்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேனே! அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கப் பஸ்ஸைப் பிடித்தாள்.

மாஸ்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். "என்னக்கா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"தொண்ட நல்லாத்தான் இருக்கு சார். பொய் சொல்லிட்டேன்." மூச்சு வாங்கியது, இது நிஜ மூச்சு. "அடி பட்டா அலறித் தர்றேன். பெத்தா கத்தித் தர்றேன். முதுகுக்கு மட்டும் இனிமே கேக்காதீங்க. முதுகக் காட்டிட்டு நிக்கிறவ என்ன நெனைக்கிறான்னு எனக்குத் தெரியாது சார்."

"சரிக்கா. முதுகுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். கோபப்படவில்லை. வேறு ஆள் கிடைப்பார்கள், நாளைக்கே கிடைப்பார்கள். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

வீட்டில் மகள் முக்காலியில் இருந்தாள். விளக்கு எரிந்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் குரலைப் படத்திலிருந்து எடுக்க மாட்டார்களாம் என்றாள். உப்பு மூட்டைக்காரன் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வந்தான் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் ஒன்று பாக்கி இருந்தது.

"அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல. மணியப் பாத்தேன். துணி சுத்துன மணி. மனசு தட்டுச்சு. நான்தான் நிக்கல. கைதட்டுவாங்களேன்னு..." மேலே சொல்ல வெட்கம் விடவில்லை.

"மணியப் பாத்தியா?"

"பாத்தேன்."

மகள் புத்தகத்தை மூடினாள். விளக்கின் கம்பியைப் பிடுங்கிச் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் மட்டும் ஏதோ ஒரு லிப்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மா தரையில் பலகையைப் போட்டு வெங்காயத்தை எடுத்தாள். உள்ளறைக் கதவு திறந்தது. மகள் வந்து முக்காலியை இழுத்து, அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கையில் இரண்டாம் பாகம் இல்லை. திருப்பிக் கொடுத்திருந்த முதல் பாகத்தை நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து வந்திருந்தாள்.

பக்கத்தைத் தேடினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். செவியன் வந்த இரவை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வார்த்தையையும், வகுப்பில் கவனிக்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

அம்மாவுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கோபம் தீர்ந்த முதுகா, தீராத முதுகா? அழுகிறாளா? மன்னித்துவிட்டாளா? அந்த முதுகுக்கு அவளாகவே எதையாவது வைத்துக்கொண்டிருக்கலாம். எத்தனை வருஷத்துப் பழக்கம்! தோள் ஏறி இறங்கியது. அதற்கு அவள் ஒன்றும் வைக்கவில்லை.

காவல்காரியின் தோள்பட்டை முறிந்தது. பின்னலை வாயில் கவ்விக்கொண்டாள். அம்மா "ஐயோ" என்று வந்ததை உள்ளேயே விழுங்கினாள். முகம் சூடாகி, காதுமடல்வரை எரிந்தது. வெங்காயம் நறுக்காமலே கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவும் இல்லை. வளையல் சத்தம் கேட்டுவிடும்.

பால் கறந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நேற்று ராத்திரி என்ன ஒரு நிம்மதியான தூக்கம் என்றாள்.

மகள் அங்கே நிறுத்தினாள். திரும்பவில்லை.

"கேக்குறியா?" என்றாள்.

"கேக்குறேன்" என்றாள் அம்மா.

மகள் அடுத்த வரிக்குப் போனாள்.